கூரை போடாத நிலம்: ஏதென்ஸின் இடிபாடுகளும் கோடை சினிமாவும்

லிகபெட்டஸ் குன்றின் மேல் நின்று ஏதென்ஸைப் பார்ப்பவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது சிமென்ட்தான். ஐந்து மாடி, ஆறு மாடிக் குடியிருப்புகள் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு கடல் வரைக்கும் போகின்றன. நடுவில் கொஞ்சம் பச்சை, அந்தப் பச்சைக்கு மேல் அக்ரோபோலிஸ் என்ற பாறை, பாறையின் தலையில் பார்த்தினன் என்ற பழைய கோயில். இவ்வளவு நெருக்கிக் கட்டிய ஊரில், ஒரு துண்டு மனை என்றாலும் பத்துப் பேர் கண் வைக்கும் இடத்தில், கூரை போடாத நிலம் எப்படி மிஞ்சியது? அங்கே சுற்றிய நாட்களில் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்த கேள்வி அது. பகலில் இடிபாடுகளைப் பார்த்தேன், இரவில் கோடை சினிமாவுக்குப் போனேன். இரண்டும் வெட்டவெளி. இரண்டும் தானாக மிஞ்சியவை இல்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சட்டம், ஒரு சண்டை, ஒரு நிலக் கணக்கு இருக்கிறது. பார்க்கப்போனால் ஒன்று இன்னொன்றைக் காப்பாற்றியும் இருக்கிறது.

சினிமாவிலிருந்தே தொடங்குகிறேன். தீசியோன் பகுதியில் அப்போஸ்தலு பாவ்லு என்று ஒரு அகன்ற தெரு இருக்கிறது. வண்டிகளுக்கு அனுமதி இல்லாததால் மாலையானால் ஊரே அங்கே நடக்க வந்துவிடும். அந்தத் தெருவில் 1935-ல் தொடங்கிய சினே தீசியோன் இன்றும் ஓடுகிறது. நாற்காலியில் உட்கார்ந்தால் எதிரே திரை. முகத்தைச் சற்றுத் திருப்பினால் மரங்களுக்கு மேலே விளக்கொளியில் அக்ரோபோலிஸ். ப்ளாக்கா பகுதியில், குறுகலான தெரு ஒன்றில், மொட்டைமாடியில் இருக்கும் சினே பாரீஸ் 1920களைச் சேர்ந்தது. சில வருடங்கள் மூடிக் கிடந்து 2024-ல் மறுபடி திறந்தது. ஸப்பியோன் தோட்டத்தில் உள்ள ஐக்லி இவற்றையெல்லாம் விடப் பழசு. 1903-லேயே அங்கே தோட்டத்துக் காபிக் கடையில் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் படம் காட்டியிருக்கிறார்கள். அந்த ஊரில் சினிமா மிகச் சீக்கிரமே தோட்டத்துக்கு வந்துவிட்டது.

கோடை சினிமாவின் அமைப்பு மிக எளியது. நாலு சுவர், அதில் ஒன்றுக்கு வெள்ளை பூசி அதையே திரையாக்கியிருப்பார்கள். எதிர்ப்பக்கம் புரொஜெக்டர் அறை. தரையில் பொடிக்கல், அதன் மேல் வரிசையாக நாற்காலிகள், இடையிடையே கிண்ணமும் கிளாஸும் வைக்கச் சின்னச் சின்ன மேஜைகள். சுவரோரமாக மல்லிகையும் போகன்வில்லாவும் ஏறியிருக்கும். ஒரு மூலையில் தின்பண்டக் கடை: பீர், சீஸ் வைத்துச் சுட்ட ரொட்டி, பாப்கார்ன், சில இடங்களில் அவர்களே காய்ச்சி வைத்த புளிப்புச் செர்ரி சர்பத். அந்தச் சர்பத்தை ஒருமுறை குடித்துப் பார்க்காமல் திரும்பக் கூடாது. படம் பாதியில் நிற்கும். இடைவேளை என்ற நினைப்பே இல்லாமல் எடுத்த ஹாலிவுட் படத்தை அங்கே சட்டென்று நிறுத்தி விளக்கைப் போடுகிறார்கள், எல்லோரும் எழுந்து கடைப் பக்கம் போகிறார்கள். நம்மவர்களுக்கு அதில் ஒரு சங்கடமும் இருக்காது.

இந்த ஏற்பாடு சாத்தியமாவதற்கு முதல் காரணம் வானம். ஏதென்ஸில் வருடம் முழுக்கப் பெய்கிற மழை சராசரியாக 400 மில்லிமீட்டர் அளவுதான், அதுவும் பெரும்பகுதி குளிர்காலத்தில் பெய்து முடிந்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் மழை என்பது செய்தி. மே மாதம் கதவைத் திறந்தால் செப்டம்பர் முடிய, சில இடங்களில் அக்டோபர் வரைகூட, மழைக்காகக் காட்சியை ரத்து செய்கிற இரவுகள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் வரும். கோடையின் நடுவில் வடக்கிலிருந்து மெல்தெமி என்கிற காற்று கிளம்பி வந்து இரவைக் கொஞ்சம் தணிக்கும். ஜூன் கடைசியில் சூரியன் மறைய ஒன்பது மணி ஆகிவிடுகிறது. அதனால் முதல் காட்சி ஒன்பதை ஒட்டித்தான் தொடங்கும். அப்போதும் மேற்கில் வெளிச்சம் பாக்கி இருப்பதால் முதல் சில நிமிடங்கள் திரை வெளிறித் தெரியும். இரண்டாவது காட்சி பதினொன்றை ஒட்டி. நல்ல இருட்டில் படம் பார்க்க வேண்டும் என்றால் அதுதான் சரியான காட்சி.

வானம் மட்டும் போதாது, பணமும் ஒத்துவர வேண்டும். குளிர்சாதன வசதி பரவாத காலத்தில் மூடிய தியேட்டர்கள் கோடையில் வெந்துபோகும், உரிமையாளர்கள் பூட்டிவிடுவார்கள். படமோ கையில் இருக்கிறது, மக்களோ வீட்டுக்குள் இருக்க முடியாமல் தெருவில் இருக்கிறார்கள். குளிர்காலத்தில் ஓடி முடிந்த படங்களைக் கோடையில் மறுபடி போடக் காலி மனை ஒன்று கிடைத்தால் போதும். கட்டடச் செலவு இல்லை. சில தியேட்டர்களில் கீழே குளிர்கால அரங்கு, மேலே மொட்டைமாடியில் கோடை அரங்கு என்று இரண்டையும் ஒரே முதலாளி நடத்தினார். இப்படித்தான் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஒவ்வொரு பேட்டையிலும் ஒன்றிரண்டு என்று முளைத்து, 1960களில் ஏதென்ஸ் வட்டாரத்தில் மட்டும் நூற்றுக்கணக்கில் இருந்தன. டிக்கெட் மலிவு, குழந்தைகள் மடியிலேயே தூங்கிவிடும், பக்கத்து வீட்டுக்காரர்கள் பால்கனியிலிருந்தே பார்த்துவிடுவார்கள். நம்மூர் டூரிங் டாக்கீஸைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அப்புறம் அவை ஏன் குறைந்தன? தொலைக்காட்சி வந்ததால் என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். அது பாதி உண்மை. கிரேக்கத்தில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1966-ல் தொடங்கி, 1970களில் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது; கூட்டம் குறையத்தான் செய்தது. ஆனால் அதைவிடப் பெரிய காரணம், அந்த மனைகளின் மேல் எழும்பிய கட்டடங்கள். ஒரு தளத்தை மட்டும் ஒருவர் தன் பெயருக்கு வாங்கலாம் என்று 1929-ல் கிரேக்கத்தில் சட்டம் வந்தது. அதன் மேல் உருவான பழக்கத்தின் பெயர் அந்திபரோகி. மனைக்காரர் நிலத்தைக் கொடுப்பார். கட்டுபவர் தன் செலவில் அடுக்குமாடி எழுப்புவார். முடிந்ததும் நிலத்துக்கு ஈடாகச் சில வீடுகள் மனைக்காரருக்கு, மீதி கட்டுபவருக்கு. யாரும் வங்கிப் படி ஏற வேண்டாம். கைவசம் ஒரு மனை மட்டும் வைத்திருந்த சாதாரணக் குடும்பம் ஒரே வருடத்தில் மூன்று வீட்டுக்குச் சொந்தமாகிவிடலாம்.

அந்த ஊருக்கு வீடு தேவைப்பட்டது என்பதையும் மறந்துவிடக் கூடாது. 1922-ல் ஆசியா மைனரிலிருந்து துரத்தப்பட்டு 12 லட்சத்துக்கும் மேற்பட்ட கிரேக்க அகதிகள் நாட்டுக்குள் வந்தார்கள். பெரும் கூட்டம் ஏதென்ஸையும் பிரேயஸ் துறைமுகத்தையும் சுற்றியே தங்கியது. போரும் உள்நாட்டுப் போரும் முடிந்த பிறகு கிராமங்களிலிருந்து மறுபடி ஒரு அலை. 1951-ல் பெருநகர ஏதென்ஸின் மக்கள்தொகை 14 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. 1981-ல் 30 லட்சத்தைத் தாண்டிவிட்டது. 1967-ல் ஆட்சியைப் பிடித்த ராணுவ அரசு கட்டட வரம்புகளை இன்னும் தளர்த்தியது. இந்தக் கணக்கில், வருடத்தில் ஐந்து மாதம் மட்டும் படம் ஓட்டுகிற ஒரு காலி மனை எத்தனை நாள் தாங்கும்? பாத்திசியா, கிப்செலி போன்ற பேட்டைகளில் கோடை சினிமாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீடுகளாகின. இன்று லிகபெட்டஸ் மேலிருந்து தெரிகிற அந்தச் சிமென்ட்டில் பழைய திரைகள் நின்ற இடங்களும் அடக்கம். அந்த வீடுகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குடிசையிலிருந்து எழுந்து வந்தவர்களுக்கு அவை முதல் நிம்மதி.

மிஞ்சியவை இன்று சில பத்துகள். எக்ஸார்ஹியாவில் உள்ள ரிவியேரா போன்ற பேட்டை அரங்குகள் சுற்றிலும் குடியிருப்புகளுக்கு நடுவே கிணறு மாதிரி பள்ளத்தில் கிடக்கின்றன. அவற்றில் பலவற்றைப் பாதுகாக்க வேண்டியவை என்று அரசு பின்னாளில் அறிவித்தது. அந்த அறிவிப்புக்கு ஒரு எல்லை உண்டு. கோடை சினிமா என்ற பயன்பாட்டை மாற்றாதே, மேலே கட்டாதே என்று சட்டம் சொல்லலாம். படம் போடு என்று யாரையும் சட்டத்தால் கட்டாயப்படுத்த முடியாது. உரிமையாளருக்கு வயதாகிவிட்டால், வாரிசுகளுக்கு ஆர்வம் இல்லாவிட்டால், பூட்டிய கேட்டுக்குள் மல்லிகை மட்டும் வளரும். பிலிம் சுருள் போய் டிஜிட்டல் வந்தபோது ஒவ்வோர் அரங்கும் பல்லாயிரம் யூரோ போட்டுப் புது புரொஜெக்டர் வாங்க வேண்டியிருந்தது. ஐந்து மாத வியாபாரத்துக்கு அது கனமான முதலீடு. பல புறநகர்களில் நகராட்சியே அரங்கை எடுத்து நடத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, தீசியோனுக்கு வருவோம். அந்த இடத்தில் மட்டும் எட்டு மாடி எழும்பவில்லையே, ஏன்? அக்ரோபோலிஸைச் சுற்றியுள்ள நிலம் தொல்லியல் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. அங்கே அடித்தளம் தோண்டுவதற்கே அனுமதி வேண்டும். தோண்டினால் ஏதாவது கிடைக்கும். கிடைத்தால் வேலை நிற்கும். உயரத்துக்கும் வரம்பு. கட்டுபவர்களுக்கு லாபம் குறைவான இந்த நிலத்தில் ஒரு பழைய கோடை சினிமா மூச்சுவிட முடிந்தது. திரைக்குப் பக்கத்தில் பார்த்தினன் தெரிவதற்கும், திரை அங்கே இருப்பதற்கும் காரணம் ஒன்றுதான். இடிபாடுகளுக்குப் போட்ட வேலிக்குள் சினிமாவும் அகப்பட்டுக்கொண்டது என்று சொல்லலாம்.

கொலோனாகி பகுதியில் உள்ள டெக்ஸமேனி சதுக்கம் இதே கதையின் சின்ன வடிவம். ரோமப் பேரரசர் ஹேட்ரியன் மலையிலிருந்து ஏதென்ஸுக்குத் தண்ணீர் கொண்டுவர நிலத்தடிக் கால்வாய் வெட்டத் தொடங்கினார், கி.பி. 140-ல் அவருக்கு அடுத்து வந்தவர் காலத்தில் வேலை முடிந்தது. அந்தத் தண்ணீர் வந்து தேங்கிய தொட்டி லிகபெட்டஸ் அடிவாரத்தில் இன்னும் இருக்கிறது. தொட்டியைச் சுற்றி ஒரு சதுக்கம், சதுக்கத்தில் காபிக் கடை, பக்கத்திலேயே கோடை சினிமா. நகரத்தின் மிக விலையுயர்ந்த பகுதிகளில் ஒன்று அது. ரோமர்கள் கட்டிய தொட்டி இல்லாவிட்டால் அந்தச் சதுக்கமே இருந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

இடிபாடுகள் என்று நாம் சொல்லும்போது, கட்டியவர்கள் போனபின் காலம் தானே தின்று மீதி வைத்தது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அக்ரோபோலிஸ் விஷயத்தில் அது பொருந்தாது. கி.மு. 447-ல் தொடங்கி 432 வரை வேலை நடந்த பார்த்தினன், இக்டினோஸும் காலிக்ராடெஸும் வடிவமைத்து, ஃபீடியாஸ் சிற்ப வேலையை மேற்பார்த்த அந்தக் கோயில், இரண்டாயிரம் வருடத்துக்கும் மேல் கூரையோடு பயன்பாட்டில் இருந்தது. முதலில் அதீனா தெய்வத்துக்கு, பிறகு மாதா கோயிலாக, ஒட்டோமான்கள் வந்தபின் பள்ளிவாசலாக. 1687-ல் வெனிஸ் படை நகரத்தை முற்றுகையிட்டபோது துருக்கிய வீரர்கள் உள்ளே வெடிமருந்தைச் சேர்த்து வைத்திருந்தார்கள். செப்டம்பர் 26 அன்று எதிரே இருந்த ஃபிலோபாப்போஸ் குன்றுப் பக்கமிருந்து வந்த குண்டு அதில் விழுந்தது. கூரை போனது, நடுத் தூண்கள் போயின, உள்ளே தஞ்சம் புகுந்திருந்தவர்களும் போனார்கள். இன்று நாம் படம் எடுத்துக்கொள்கிற அந்த வெட்டவெளி ஒரே நாளில் உண்டானது. தீசியோனில் படம் தொடங்கும் வரை ஜோடிகளும் நாயைக் கூட்டிக்கொண்டு வருபவர்களும் நடக்கிற குன்றுகளில் ஒன்று, குண்டு வந்த அதே ஃபிலோபாப்போஸ்.

அதற்குப் பிறகும் பாறை காலியாகவில்லை. உடைந்த கோயிலுக்குள் ஒரு சின்னப் பள்ளிவாசல் எழும்பியது. சுற்றிலும் வீடுகள், தோட்டங்கள், படைக் காவல். 1801-லிருந்து பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபுவின் ஆட்கள் சிற்பங்களைப் பெயர்த்துக் கப்பலேற்றினார்கள். 1816-ல் பிரிட்டிஷ் அரசு அவற்றை வாங்கியது. லண்டனில் இன்னும் இருக்கின்றன. சுதந்திர கிரேக்கத்தின் தலைநகரமாக 1834-ல் ஏதென்ஸ் ஆனபோது, பவேரியாவிலிருந்து வந்த இளம் ராஜாவுக்குப் பாறையின் மேலேயே அரண்மனை கட்டலாம் என்று ஷின்கெல் என்ற ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் வரைபடம் போட்டார். நல்லவேளை, அது வரைபடத்தோடு நின்றது. அதற்குப் பதிலாக எடுத்த முடிவு, பழைய கிரேக்கம் தவிர மற்ற எல்லாவற்றையும் அகற்றுவது. பள்ளிவாசல் 1840களில் போனது. நுழைவாயிலை ஒட்டி நின்ற இடைக்கால ஐரோப்பியப் பிரபுக்களின் உயரமான கோபுரம் 1870களில் இடிக்கப்பட்டது. இடிக்கப் பணம் கொடுத்தவர் பழைய ட்ராய் நகரத்தைத் தோண்டிய தொல்லியலாளர் ஷ்லீமன். ஆயிரம் வருடத்துக்கும் மேலான வாழ்க்கையைத் துடைத்துவிட்டுத்தான் இந்தச் சுத்தமான பளிங்குக் காட்சி கிடைத்திருக்கிறது. அங்கே நிற்கும்போது அழகில் மனம் நிறைகிறது. இல்லாமல் போனவற்றை நினைத்து ஒரு குறையும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் அந்த இடத்தைப் பார்க்க முடிகிறது.

பாறைக்குக் கீழே நடந்தது இன்னும் கடினமான கதை. பழைய ஏதென்ஸின் சந்தையும் சபையும் கூடிய அகோரா, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மக்கள் நெருக்கமாக வாழ்ந்த ஒரு பேட்டை. 1931-ல் அமெரிக்கத் தொல்லியலாளர்கள் அங்கே அகழாய்வைத் தொடங்கினார்கள். அதற்காகச் சுமார் 400 வீடுகள் இடிக்கப்பட்டன. குடும்பங்கள் இழப்பீடு வாங்கிக்கொண்டு வேறு பகுதிகளுக்குப் போயின. சாக்ரடீஸ் நடந்த மண் கிடைத்தது, உண்மைதான். தெருக்களும் தேவாலயங்களும் அண்டை வீட்டு உறவுகளும் போயின, அதுவும் உண்மை. அங்கே 1950களில் அத்தாலோஸ் மண்டபத்தைப் பழைய அடித்தளத்தின் மேல் முழுசாகத் திரும்பக் கட்டினார்கள், 1956-ல் திறந்தது. இன்று அது அருங்காட்சியகம். வெயில் ஏறும் நேரத்தில் அந்த இரட்டைத் தூண் வரிசையின் நிழலில் நின்றால் ஒன்று புரியும்: பழைய கிரேக்கர்கள் வெட்டவெளியை மட்டும் விரும்பியவர்கள் இல்லை, நிழலையும் அவ்வளவு கவனமாகக் கட்டியவர்கள்.

இது ஒரு முக்கியமான விஷயம் என்று நினைக்கிறேன். இன்று திறந்தவெளியாகத் தெரியும் பல இடங்கள் அப்படிக் கட்டப்பட்டவை இல்லை. பாறையின் தெற்குச் சரிவில் ஹெரோடெஸ் அட்டிகஸ் என்ற செல்வந்தர் தன் மனைவியின் நினைவாகக் கி.பி. 161 வாக்கில் எழுப்பிய இசை அரங்கு கேதுரு மரக் கூரை போட்டது. ஒரு நூற்றாண்டு கழித்து ஹெருலியர் என்ற வடக்கத்திய இனத்தாரின் படையெடுப்பில் அழிந்தது. 1950களில் இருக்கைகளுக்குப் புதுப் பளிங்கு போட்டார்கள். 1955-ல் ஏதென்ஸ் விழா தொடங்கியதிலிருந்து கோடைகளில் அங்கே இசையும் நாடகமும் நடந்துவந்திருக்கின்றன. நட்சத்திரங்களுக்குக் கீழே கேட்கிற இசை என்று நாம் சிலாகிக்கிறோம். அந்த நட்சத்திரங்கள் ஒரு நாசத்தின் வழியாக உள்ளே வந்தவை.

அதற்குச் சற்றுத் தள்ளி இருக்கிற, மதுவின் தெய்வமான டயோனிசஸின் பெயரில் உள்ள அரங்குதான் உண்மையில் வெட்டவெளிக்கென்றே பிறந்தது. சரிவைச் செதுக்கி இருக்கை, கீழே ஆடுகளம். இன்று எஞ்சியிருக்கும் கல் வரிசைகள் கி.மு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அதற்கு முந்தைய காலத்தில் மரப் பலகைகள். நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் ‘பாரசீகர்கள்’ கி.மு. 472-ல் அரங்கேறியது ஏதென்ஸின் டயோனிசஸ் விழாவில்தான். நாடகங்கள் பகல் வெளிச்சத்தில் நடந்தன, காலையில் தொடங்கி அடுத்தடுத்து. பார்ப்பவர்களுக்கு நடிகர்களின் பின்னால் தங்கள் ஊரும் மலையும் தெரிந்தன. ஆயிரக்கணக்கானோர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே பார்த்தார்கள். சினிமாவுக்கு இதற்கு நேர்மாறாக இருட்டு வேண்டும். இருட்டில் மற்றவர்கள் மறைந்துவிடுவார்கள். கோடை சினிமாவில் அப்படி முழுக்க மறைவதில்லை. நிலா இருக்கிறது, பால்கனி விளக்கு இருக்கிறது, பக்கத்து மேஜைக்காரரின் சிரிப்பு இருக்கிறது. பழைய அரங்கோடு அதற்கு நேரடி வம்ச உறவு எதுவும் கிடையாது. 2,500 வருடப் பாரம்பரியம் என்று இழுத்துப் பேசுபவர்களை நான் நம்பவில்லை. ஒரே வானிலை ஒரே மாதிரியான பழக்கத்தை இரண்டு முறை உண்டாக்கியிருக்கிறது, அவ்வளவே.

பார்த்தினனில் நடக்கும் சீரமைப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் நிறையப் பேர் சாரத்தையும் கிரேனையும் பார்த்துச் சலித்துக்கொள்கிறார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பலனோஸ் என்ற பொறியாளர் விழுந்த தூண்களை நிமிர்த்தினார். கற்களை இரும்புப் பட்டைகளால் பிணைத்தார். பழைய காலத்திலும் இரும்புதான், ஆனால் அதன் மேல் ஈயம் காய்ச்சி ஊற்றிக் காற்றும் தண்ணீரும் படாமல் மூடியிருந்தார்கள். பலனோஸின் இரும்புக்கு அந்தக் கவசம் இல்லை. துரு ஏறி, பருத்து, பளிங்கை உள்ளிருந்தே பிளந்தது. 1975-ல் அமைத்த பாதுகாப்புக் குழு அந்த இரும்பை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு டைட்டானியம் வைக்கிறது. கூடவே, தப்பான இடத்தில் ஏற்றிய கற்களையும் இறக்கிச் சரியான இடத்தில் வைக்கிறார்கள்.

இடம் எப்படித் தெரியும்? பார்த்தினனில் நேர்கோடு என்று நாம் நினைப்பது எதுவும் நேர்கோடு இல்லை. தளம் நடுவில் லேசாக மேடிட்டது. நீளவாக்கில் அந்த மேடு சுமார் 11 சென்டிமீட்டர். தூண்கள் உள்பக்கம் சாய்ந்தவை, நடுவில் சற்றுப் பருத்தவை. அதனால் ஒரு கல் அதன் சொந்த இடத்தில் மட்டுமே ஒட்டும். மனோலிஸ் கோரெஸ் என்ற கட்டடக் கலைஞர் சிதறிக் கிடந்த துண்டுகளை அளந்து அளந்து அவற்றின் இடத்தைக் கண்டுபிடித்தது இந்தச் சாய்வுகளை வைத்துத்தான். குறையும் பகுதிக்கு அதே பெண்டெலி மலையிலிருந்து புதுப் பளிங்கு வெட்டிப் பொருத்துகிறார்கள். புதுக்கல் வெள்ளை வெளேரென்று தெரியும், பழையது தேன் நிறம். எது புதுசு என்று பார்ப்பவருக்குத் தெரியட்டும் என்று அந்த வித்தியாசத்தை மறைக்காமல் விடுகிறார்கள். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இரவில் பாறைக்கு விளக்குப் போட்ட விதமும் அப்படிக் கவனமானது. 2020-ல் எலெஃப்தெரியா டெக்கோ வடிவமைத்த புதிய எல்.இ.டி. விளக்குகள் வந்தன. மஞ்சளாக மொத்தமும் பூசுவதை விட்டு, பாறை ஒரு தொனி, கோயில் ஒரு தொனி என்று பிரித்துக் காட்டுகின்றன. அடுத்த மாற்றம் தெருவில். 2004 ஒலிம்பிக்ஸை ஒட்டி அக்ரோபோலிஸைச் சுற்றிய பெரிய சாலைகளில் வாகனங்களை நிறுத்தி, தொல்லியல் இடங்களை ஒரே நடைபாதையால் இணைத்தார்கள். குன்றின் மேல் ஏறும் கல் பாதைகள் அதற்கும் மூத்தவை: 1954 முதல் 1957 வரை டிமிட்ரிஸ் பிகியோனிஸ் என்ற கட்டடக் கலைஞர், இடித்த வீடுகளின் கற்களையும் உடைந்த பளிங்குத் துண்டுகளையும் பொறுக்கி ஒவ்வொன்றாகப் பதித்துப் போட்டவை. பலர் அதைக் கவனிக்காமலே மிதித்துப் போகிறார்கள். கொஞ்சம் குனிந்து பாருங்கள். ஊர் இடித்துத் தள்ளிய பழைய வீடுகளின் கல் அங்கேதான் பிழைத்துக் கிடக்கிறது.

இந்த வசதிகளெல்லாம் கூட்டத்தைக் கொண்டுவந்தன. 2023 செப்டம்பரிலிருந்து அக்ரோபோலிஸுக்கு ஒரு நாளைக்கு 20,000 பேர் என்று வரம்பு போட்டு, மணி நேர வாரியாகப் பிரித்து அனுமதிக்கிறார்கள். அதே வருடம் ஜூலையில் வெப்ப அலை அடித்தபோது நடுப்பகலில் வாயிலை மூட வேண்டியிருந்தது. நுழைவுக் கட்டணம் 2025 ஏப்ரலில் 30 யூரோ ஆனது. சுற்றியுள்ள தீசியோன், கூகாகி பகுதிகளில் வீடுகள் பயணிகளுக்கு நாள் வாடகைக்குப் போகின்றன. வாடகை ஏறி, அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் நகர்கிறார்கள். பாறையின் தெற்கே மக்ரியானியில் ஒரு ஹோட்டல் பத்து மாடி எழும்பியபோது பகுதி மக்கள் வழக்குப் போட்டு, மேல் மாடிகளை இடிக்கச் சொல்லும் அளவுக்கு விஷயம் போனது. வெட்டவெளி கிடைத்துவிட்டது, இனி அது நிரந்தரம் என்று அங்கே யாரும் நிம்மதியாக இல்லை.

அதனால்தான் பாறை தெரியும் அரங்குகளை விடப் பேட்டை அரங்குகளின் மேல் எனக்குக் கவலையும் பாசமும் அதிகம். பாறை தெரிகிற அரங்குக்கு உலகம் முழுவதிலிருந்தும் ஆள் வருவார்கள். எக்ஸார்ஹியாவிலும் அதற்கு அப்பாலும் இருக்கிற அரங்குக்குப் பக்கத்துத் தெருக்காரர் வந்தால்தான் உண்டு. 2020-ல் கொரோனாவின் முதல் ஊரடங்கு தளர்ந்தபோது கிரேக்கத்தில் முதலில் திறந்த திரையரங்குகள் கோடை சினிமாக்கள்தாம், ஜூன் 1 அன்று. மூடிய அரங்குகள் அதன் பிறகே. காற்றும் இடைவெளியும் தேவைப்பட்டபோது ஊருக்குக் கைகொடுத்தது அந்தப் பழைய காலி மனைகள்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். கிரேக்கர்கள் வெளிநாட்டுப் படங்களை டப்பிங் செய்வதில்லை. குழந்தைகள் படம் தவிர மற்றதெல்லாம் மூல மொழியில் ஓடும், கீழே கிரேக்க சப்டைட்டில். ஆங்கிலப் படம் என்றால் தைரியமாகப் போகலாம். இரண்டாவது காட்சியில் ஒலியைக் குறைத்துவிடுவார்கள். மேலே பால்கனிகளில் தூங்குகிறவர்களுக்கும் கீழே பார்க்கிறவர்களுக்கும் இடையே உள்ள ஏற்பாடு அது. உள்ளூர்க்காரர்கள் எழுத்தைப் படித்துச் சமாளித்துக்கொள்வார்கள், நாம் முன் வரிசையில் உட்கார வேண்டும். அகோராவையும் அக்ரோபோலிஸையும் காலை எட்டு மணிக்கே தொடங்கி முடித்துக்கொள்ளுங்கள். ஜூலை நண்பகலில் அந்தப் பளிங்கின் மேல் நிற்கவே முடியாது. வழுக்காத அடி வைத்த செருப்பு வேண்டும், இரண்டாயிரம் வருடக் காலடிகள் பட்டு அந்தக் கல் வழுக்குகிறது. முதல் இரவு தீசியோனுக்குப் போங்கள். இரண்டாவது இரவு, தங்கியிருக்கும் பகுதியில் எது பக்கம் என்று விடுதியில் விசாரித்து அங்கே போங்கள். டிக்கெட் பெரும்பாலும் பத்து யூரோவுக்குள் முடிந்துவிடும். சர்பத்துக்குத் தனியாகச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.